வாக்குப்பெட்டியை வழியில் மாற்ற முடியாதா? இலங்கையில் வாக்கு எண்ணிக்கையை எப்படி நம்புவது?

நேரே சொல்கிறேன். பெட்டியை வழியில் மாற்றுவது நீங்கள் நினைப்பதுபோல லேசான வேலை இல்லை. மாற்றினாலும் எண்ணும் மேசையில் பிடிபடும். பயப்பட வேண்டிய இடம் வேறு.

பதில் நீளமாக வரும். இதே கேள்வியை வெளிநாட்டில் இருக்கும் என் சொந்தத் தம்பி ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிறான். "அக்கா, நீங்கள் விடிய விடிய எண்ணுறது சும்மா நாடகம், முடிவு முதலே எழுதியாச்சு" என்பான். அவனுக்குச் சொல்லிக் களைத்துப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் வட்ஸ்அப்பில் வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலை ஆசிரியை. தேர்தல் அறிவித்தால் எங்களுக்குக் கடமைக் கடிதம் வந்துவிடும். வாக்களிப்பு நிலையத்திலும் இருந்திருக்கிறேன், எண்ணும் நிலையத்திலும் இருந்திருக்கிறேன். எந்த நிலையம், எந்த மண்டபம் என்று எழுத மாட்டேன். இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டுத்தான் உள்ளே போகிறோம். "அரசாங்கச் சம்பளம் வாங்குறவ வேறென்ன சொல்லுவா" என்று கீழே எழுத ஒருவர் வருவார் என்றும் தெரியும். எழுதட்டும்.

காலையில் முதல் ஆள் வாக்குப்போட முன்னம் வெறும் பெட்டியைத் திறந்து, கவிழ்த்து, கட்சி முகவர்களுக்குக் காட்டித்தான் சீல் வைப்போம். பின்னேரம் நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் சீட்டுப் போடும் வாயையும் அடைத்துச் சீல் வைப்போம். விரும்பினால் கட்சி முகவர்களும் தங்கள் சீலை வைக்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி, அதன் பிறகு நாங்கள் குந்தியிருந்து எழுதுகிற வாக்குச்சீட்டுக் கணக்கு. கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகம்) எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம் என்று எல்லாம் அதில் வர வேண்டும். கூட்டினால் ஒரு சீட்டும் பிசகக் கூடாது. பிசகினால் நிலையத்துக்குப் பொறுப்பான எஸ்.பி.ஓ. (சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர்) எங்களை வீட்டுக்கு விடமாட்டார்.

இனி நீங்களே யோசியுங்கள். வழியில் பெட்டியை மாற்றுகிறவன் அதே எண்ணிக்கைச் சீட்டை உள்ளே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்த நிலையத்தில் குத்தின உத்தியோகபூர்வக் குறி இருக்க வேண்டும். அரசாங்கச் சீலும் கட்சிக்காரரின் சீலும் அப்படியே இருக்க வேண்டும். இதையெல்லாம் பொலிஸ் ஏறியிருக்கிற பஸ்ஸுக்குள், எங்கள் றோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது செய்ய வேண்டும். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் மாரிக்குள் வந்தது. மழை என்றால் முதல் பொலித்தீன் பெட்டிக்கு, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு.

2020 ஓகஸ்டில் கொரோனாவால் அன்றிரவே எண்ணாமல் அடுத்த நாள் எண்ணினார்கள். அப்போதும் "இரவோடிரவாக மாத்திப்போட்டாங்கள்" என்று கதை வந்தது. மேலே சொன்ன கணக்கு அந்த இரவுக்கும் பொருந்தும்.

இனி எண்ணும் மண்டபம். பெட்டியைக் கொட்டியவுடன் யாருக்கு எத்தனை என்று எண்ணுவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. முதலில் யாருக்கு என்று பார்க்காமல் தாளை மட்டும் எண்ணுவோம். பெட்டிக்குள் இருந்த சீட்டும் கணக்கில் எழுதிய தொகையும் ஒத்து வர வேண்டும். சலிப்பான வேலை, தொலைக்காட்சியில் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் முழுப் பாதுகாப்பும் அதற்குள்தான் இருக்கிறது.

2024 ஜனாதிபதித் தேர்தல் இரவு எங்கள் மேசைக்கு வந்த ஒரு பெட்டியில் ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினோம். திரும்பவும் ஒன்று குறைவு. நடுச்சாமம் தாண்டிவிட்டது. முகவர்களில் பாதிப்பேர் கதிரையில் சாய்ந்து நித்திரை. ஒரு கட்சியின் பெடியன் எழும்பி வந்து, "ரீச்சர், ஒரு சீட்டுத்தானே, விட்டிட்டு அடுத்ததைப் பாருங்கோவன்" என்றான். இன்னொரு முகவர், வயதான ஐயா, கொப்பியும் பேனையுமாகத் தொடக்கத்திலிருந்தே எங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அசையவில்லை. "தம்பி, ஒண்டு போகலாமெண்டா நூறும் போகலாம். தேடட்டும்" என்றார்.

பிரதான எண்ணும் அலுவலரும் அந்தப் பெட்டியை மற்றவற்றோடு கலக்க விடவில்லை. 38 பேர் போட்டியிட்ட தேர்தல் அது. சீட்டு ஒரு முழத்துக்கு மேல் நீளம். சனம் அதை நாலாக, எட்டாக, சிலர் சுருட்டியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மேசையில் வைத்து, நுனி விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தோம். கடைசியில் ஒரு சீட்டின் மடிப்புக்குள் இன்னொரு சீட்டு நுழைந்து, விரித்தபோது இரண்டும் ஒன்றாகவே படுத்திருந்தது தெரியவந்தது. ஐயா பிரித்துக் காட்டச் சொன்னார், பார்த்தார், கொப்பியில் ஒரு சரி போட்டார். பிறகுதான் பிளேன்ரீ குடிக்கப் போனார்.

கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது என்று பதிவாகும், முகவர்களுக்கும் தெரியும். வாக்காளர் ஒருவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனாலும் ஒன்று குறையத்தான் செய்யும். ஒன்று குறைவது வேறு, ஒரு பெட்டியே மாறுவது வேறு.

அது ஒத்துவந்த பிறகு பல நிலையங்களின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்துதான் பிரிக்கத் தொடங்குவோம். இந்தக் கலக்கலின் அருமை கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வாக்களிப்பு நிலையம் என்றால் பெரும்பாலும் ஒரு ஊர். அந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அடுத்த வீட்டுத்திட்டம், குளத்துத் திருத்தம், றோட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஞாபகம் வரும். கலந்துவிட்டால் ஊரைப் பிடிக்க ஏலாது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலிலும் பிறகு 2025 மே மாதமும் வாக்களித்த இடத்திலேயே அல்லது அந்த வட்டாரத்துக்குள்ளேயே எண்ணினார்கள். பெட்டி தூரப் பயணம் போகவேண்டியதில்லை, உங்கள் பயம் அங்கே இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் எந்த ஊர் எப்படிப் போட்டது என்று சந்திக் கடைவரைக்கும் தெரிந்துவிட்டது. எது பெரிய ஆபத்து என்று என்னைக் கேட்டால், பயணத்தைவிட இதைத்தான் சொல்வேன். உடன்படாதவர்கள் இருப்பீர்கள்.

2005இல் எங்கள் பகுதிச் சனம் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவில்லை. போடவில்லையா, போட விடவில்லையா என்று இங்கே சண்டை பிடிக்க வேண்டாம். எண்ணிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பெட்டிக்குள் வராத வாக்கை எங்களால் எண்ண முடியாது, அதற்காகத்தான் சொன்னேன். 2013 செப்டம்பருக்குப் பிறகு வடமாகாண சபைக்குத் தேர்தலே வைக்கவில்லை. பெட்டி மாறியதா என்று கேட்கிற ஆட்கள் இதைப் பற்றி ஒரு கேள்வியும் போடுவதில்லை.

கடமை என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். எங்கள் வன்னிப் பாடசாலைகளுக்கு நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வான் (வேன்) பிடித்து வருகிற ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அதே வண்டியில் போய்விடுவார்கள். கட்டாயச் சேவைக் காலம் முடிகிற திகதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களில் நல்லவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, எனக்கே அருமையான சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஆனால் யானை வருகிற காட்டுக் கரை நிலையத்துக்கு ஆள் தேவை என்றால் "நீங்கள் இவ்விடத்து ஆள்தானே ரீச்சர்" என்று என் பெயர்தான் போகும். கணித ஆசிரியர் இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளையும் யாராவது ஒருநாள் எண்ணிப் பார்க்க வேண்டும். சரி, விடுவம்.

எண்ணுகிற இடத்தில் உண்மையான சண்டை ஐமிச்சமான சீட்டுகளில்தான் வரும். உத்தியோகபூர்வக் குறி இல்லாதது, ஒன்றுமே போடாதது, இரண்டு கட்சிக்குப் போட்டது, இவற்றில் பிரச்சினை இல்லை, நிராகரிப்புத்தான். வாக்களித்தவரை அடையாளம் காட்டுகிற எழுத்தோ அடையாளமோ இருந்தாலும் நிராகரிக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை ஒரு சீட்டில் புள்ளடி (X அடையாளம்) சரியாக, கூட்டுக்குள் நடுவில் இருந்தது. கீழே வெற்றிடத்தில் பேனையால் இரண்டு வரி. காணாமல் போன பிள்ளையின் பெயர், வயது, ஊர். எழுதியது தாயா தகப்பனா தெரியாது. புள்ளடி யாருக்கு என்று பார்க்கும்வரை முகவர்கள் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். பார்த்தபிறகு ஒரு பக்கம் "சீட்டு செல்லும்" என்றது, மற்றப் பக்கம் "செல்லாது" என்றது. பெயரும் ஊரும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதனால் நிராகரிக்கப்பட்ட கட்டுக்குள் போனது. சட்டப்படி அதுதான் சரி. அடுத்த தேர்தலில் கடமைக்கு முன்னம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொன்னேன்: எழுத வேண்டியதை வேறு கடதாசியில் எழுதுங்கோ, சீட்டில் புள்ளடி மட்டும் போடுங்கோ.

தபால் வாக்கிலும் இதே மாதிரிச் சோகம் உண்டு. சீட்டு ஒரு உறைக்குள், அதையும் அடையாள உறுதிப்பத்திரத்தையும் சேர்த்து இன்னொரு உறைக்குள் வைக்க வேண்டும், அத்தாட்சி அலுவலர் ஒப்பமிட வேண்டும். போடுவது அரச ஊழியர்கள், ஊருக்குப் படிப்பிக்கிற நாங்கள். அதிலும் பிழைவிட்டு வாக்கை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிவு எப்படி உறுதியாகிறது என்பதையும் சொல்கிறேன். மண்டபத்தின் தொகை பிரதான எண்ணும் அலுவலரின் ஒப்பத்தோடு போகும். முகவருக்குச் சந்தேகம் என்றால் மீள எண்ணக் கேட்கலாம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். மாவட்ட முடிவை அறிவிக்கிற தெரிவத்தாட்சி அலுவலர் வவுனியா அரசாங்க அதிபர். (கிளிநொச்சியும் வன்னிதான், ஆனால் அவர்களின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் போகும். இதைத் தெரியாமல் கூட்டிக் கழித்து "கணக்கு உதைக்குது" என்று பதிவு போடுகிறவர்கள் உண்டு.) அதன் பிறகும் ஏற்காவிட்டால் 21 நாளுக்குள் தேர்தல் மனுவோடு நீதிமன்றம் போகலாம்.

2024 செப்டம்பர் 22இல் முதலாவதாக வந்தவருக்கு 42.31 வீதம்தான் இருந்தது. 1982இலிருந்து நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் முதல் தடவையாக, யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால், வாக்காளர் சீட்டில் இரண்டாவதாகக் குறித்த விருப்பை எண்ண வேண்டிவந்தது. முதல் இருவரையும் தவிர மற்றவர்களின் கட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்தார்கள். எடுக்க முடிந்ததே, எந்தக் கட்டு எங்கே, அதில் எத்தனை என்று முதலே எழுதி வைத்திருந்ததால்தான்.

ஆகவே நீங்கள் பயப்பட வேண்டியது பெட்டிக்கு இல்லை, மேசைக்கு எதிரே வெறுமையாகக் கிடக்கும் கதிரைக்கு. எண்ணும் நிலையத்துக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள், விடியும்வரை உள்ளேயே குந்தியிருக்க வேண்டும். அதனால் கட்சிகளுக்கு ஆள் கிடைப்பதில்லை. கடைசி நேரத்தில் யாரையாவது பிடித்து அனுப்புகிறார்கள். அவர் ஒரு மணிக்குப் படுத்துவிடுகிறார், விடிய எழும்பி "மாத்திப்போட்டாங்கள்" என்கிறார். அடுத்த தேர்தலுக்கு உங்களுக்குப் பிடித்த கட்சியிடமோ சுயேச்சைக் குழுவிடமோ போய், என்னை எண்ணும் முகவராகப் போடுங்கோ என்று கேளுங்கள். உடனே போடுவார்கள். கொப்பி, இரண்டு பேனை, ஒரு குளிர்ச்சட்டை கொண்டு போங்கள். சோற்றுப் பார்சலை நம்ப வேண்டாம், அது வரும்போது புளித்திருக்கும்.