முன் பிரேக் தானாகப் பிடிக்கிறதா? காலிப்பரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: அப்பா 2009-இல் வாங்கிய 150 சி.சி. பைக்கை நான் இப்போது ஓட்டுகிறேன். தூத்துக்குடியில் எட்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டி. முன் டிஸ்க் பிரேக்குக்குப் புதிய பேட் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, டிஸ்க்கும் கடுமையாகச் சுடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் சக்கரம் மீண்டும் சுற்றுகிறது. காலிப்பரை (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். தேவைதானா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் சரிசெய்யும் வரை இந்த வண்டியை ஓட்டாதீர்கள். தரநிலைப்படி புதிய டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். பிடித்த பிரேக்கோடு தொடர்ந்து ஓட்டினால் பழைய ஆயில் கொதித்து, குழாயில் ஆவி சேர்ந்து, லீவரை முழுவதும் அழுத்தினாலும் பிரேக் பிடிக்காத நிலை வரலாம்.

டிரம் பிரேக்கில் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் அப்படி எதுவும் கிடையாது. ஆயில் அழுத்தத்தால் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது: லீவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே வளைகிறது, விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள மொத்த இடைவெளி. ஆகவே சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் சத்தம் கேட்பது இயல்பே.

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது, பேட் மாற்றிய பிறகு கோளாறு தொடங்கியது என்ற விவரம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து, நீட்டிய பகுதியில் தூசியும், கடற்கரை ஊரானால் உப்புத் துருவும் படிகின்றன. புதிய பேட் தடிமனானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் பொருத்த முடியும். துடைக்காமல் தள்ளினால் அந்த அழுக்குப் பகுதி முழுவதும் சீலுக்குள் போய் இறுகிக்கொள்கிறது. இதுவே காரணம் என்பது என் ஊகம். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

முதலில் லீவரைப் பாருங்கள். அழுத்தத் தொடங்கும்போது ஓரிரு மில்லிமீட்டராவது தளர்வாக நகர வேண்டும்; இல்லையென்றால் லீவர், ஹேண்டில்பாரில் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேறு மாடலின் லீவரைப் போட்ட வண்டிகளில் இதைக் காணலாம்.

அது சரியாக இருந்தால், பிரேக் பிடித்திருக்கும் நிலையிலேயே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, டேங்கின் மேல் துணியைப் போர்த்திவிட்டு (பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்), மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் போகும் குழாய்) சேரும் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடுபடாவிட்டால் போல்ட்டை இறுக்கிவிட்டு, காலிப்பரின் ப்ளீடிங் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) திறங்கள். அப்போது விடுபட்டால் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். இரண்டுக்கும் அசையாவிட்டால், அழுத்தம் வெளியேறியும் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ இறுகியிருக்கின்றன.

மாஸ்டர் சிலிண்டர் என்றால், ஆயில் டப்பாவின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஊசிமுனை அளவிலான சிறிய துளை பழைய ஆயிலின் பசையால் அடைபட்டால், சூடேறி விரிந்த ஆயில் மேலே திரும்ப வழியின்றிப் பேடை அழுத்துகிறது. ஆறியதும் விடுவது இதற்கும் பொருந்தும் என்பதால்தான் சோதனையை வலியுறுத்துகிறேன். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்காமல், பிஸ்டனைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய சீல் கிட் போடுங்கள்.

காலிப்பர் என்றால் பொறுமை வேண்டும். ஹோஸைக் கழற்றும் முன்பே, பேடுகளை எடுத்துவிட்டு லீவரை மெதுவாக அழுத்தி ஆயில் அழுத்தத்தாலேயே பிஸ்டனை வெளியே கொண்டுவாருங்கள்; காற்றழுத்தத்தால் தள்ளினால் பிஸ்டன் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். சீல்களை எடுத்த பிறகு, அவை அமர்ந்திருந்த பள்ளத்தைப் பாருங்கள். அலுமினியம் அரித்து வெண்பொடியாகப் படிந்திருக்கும்; அது சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிக்கிறது. பலர் புதிய சீலை வாங்கி இந்தப் படிவின் மீதே பொருத்துகிறார்கள், சில வாரங்களில் பழைய கதையே திரும்புகிறது. கூர்மையான மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ, பள்ளத்தின் விளிம்பில் கீறல் விழாமல் முழுவதும் சுரண்டி எடுங்கள். கழுவ ஸ்பிரிட் போதும். பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகிய எல்லாமே இந்த ரப்பரை வீங்கச் செய்பவை. புதிய சீலையும் பிஸ்டனையும் புதிய பிரேக் ஆயிலில் நனைத்துக் கையாலேயே உள்ளே அழுத்துங்கள். கை அழுத்தத்துக்கு இறங்கவில்லையென்றால் பள்ளத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது. நகரும் பின்களைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் பூசி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றுங்கள்.

தளர்த்திய ஹோஸ் போல்ட்டுகளுக்குப் புதிய செம்பு வாஷர் போட்டு, டப்பாவின் மூடியில் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்றி, காற்று முழுவதும் போகும் வரை ப்ளீடிங் செய்யுங்கள். நகரும் முன், லீவர் கெட்டியாகும் வரை அழுத்திப் பார்ப்பதை மறக்கக் கூடாது. பிறகு நெரிசலில்லாத சாலையில் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கால் நிறுத்தி, டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியானால் பிரேக் இன்னும் பிடிக்கிறது.

பிஸ்டனின் குரோம் பூச்சில் குழிகள் விழுந்திருந்தால் பிஸ்டனை மட்டும் மாற்றுங்கள். சீல் பள்ளமே அரித்துப் போயிருந்தாலோ, நிப்பிள் உள்ளேயே முறிந்து எடுக்க வராவிட்டாலோ, அப்போது புதிய காலிப்பர் வாங்குங்கள்.