ஏதென்ஸ்–ஸ்பார்ட்டா போர் எப்படி மூண்டது? கேள்வி பதில்

கேள்வி: ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனேசியப் போர் எங்கே ஆரம்பித்தது?

இன்றைய அல்பேனியக் கடற்கரையிலிருந்த எபிடாம்னஸில். அங்கே உள்ளூர்ச் சண்டை. துரத்தப்பட்ட பிரபுக்கள் வெளியிலிருந்து ஊரைச் சூறையாட, மக்கள் தாய்நகரான கோர்சைராவிடம் உதவி கேட்டார்கள். அது கைவிரித்தது. அப்புறம் இன்னொரு கிரேக்க நகரமான கொரிந்தை நாடினார்கள். கோர்சைராவே கொரிந்து குடியேற்றிய நகரம்தான், ஆனால் தாய்நகருக்குரிய மரியாதையைக் கொடுப்பதில்லை. அந்தப் பழைய கோபத்தில் கொரிந்து இறங்கியது, கி.மு. 435-ல் கடலில் தோற்றது. விடாமல் புதுக் கப்பல்கள் கட்டியது. பயந்துபோன கோர்சைரா ஏதென்ஸிடம் ஓடியது. ஏதென்ஸ் தற்காப்புக்கு மட்டும் உடன்பட்டு 10 கப்பல்களை அனுப்பியது. கி.மு. 433-ல் சைபோட்டா தீவுகள் அருகே அவை கொரிந்தியரோடு மோதின. கொரிந்து ஸ்பார்ட்டாவின் கூட்டாளி. அங்கேதான் சிக்கல்.

கேள்வி: தன் துணைவி அஸ்பாசியாவுக்காக ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் போரை மூட்டினாராமே?

அது அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகத்தில் வருவது. நாடக வசனத்தைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெலனுக்காக நடந்த போரும் இப்படித்தானா?

அது காவியம். ட்ராய் அகழாய்வு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பார்ட்டா அணியிலிருந்த மெகாரா நகரின் வணிகத்துக்கு ஏதென்ஸ் போட்ட தடைதானே காரணம்?

ஒரு காரணம். அதை மட்டும் பிடித்துக்கொண்டால், கொரிந்து குடியேற்றிய பொட்டிடேயா நகரை ஏதென்ஸ் முற்றுகையிட்டது கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியாது. தடையை நீக்கினால் போர் இல்லை என்று ஸ்பார்ட்டாவே சொன்னதே!

சொன்னது. எப்போது சொன்னது என்று பாருங்கள். ஸ்பார்ட்டாவோடு செய்த 30 ஆண்டுச் சமாதான ஒப்பந்தத்தை ஏதென்ஸ் மீறிவிட்டது என்று கி.மு. 432-லேயே ஸ்பார்ட்டாவின் சபை முடிவெடுத்துவிட்டது. அரசர் ஆர்க்கிடாமஸ் பொறுக்கச் சொன்னார். ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரி ஸ்தெனெலைடாஸ் சபையை இரண்டாகப் பிரிந்து நிற்கவைத்தார், பெரும்பான்மை போர்ப்பக்கம் நின்றது. தடையை நீக்கச் சொன்ன ஸ்பார்ட்டாவின் தூதர்கள் அதற்குப் பிறகே வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் வழக்கை நடுவரிடம் விட வழி இருந்தது. ஏதென்ஸ் அதற்குத் தயார் என்றது, ஸ்பார்ட்டா ஏற்கவில்லை. பின்னாளில் அதே போரில் பைலோஸ் என்ற இடத்தில் அடிபட்டபோது, அன்று மறுத்ததால்தான் இந்தக் கதி என்று ஸ்பார்ட்டர்களே நினைத்ததாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். தடையை விடாத பெரிக்ளீஸுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் நடுவரை மறுத்தது அதைவிடப் பெரிய தவறு என்பது என் கருத்து.

கேள்வி: சுருக்கமாக, மெகாராதான் காரணமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முதலில் அடித்தது யார்?

கி.மு. 431 வசந்தத்தில், 300 பேருக்குச் சற்று அதிகமான தீப்ஸ் வீரர்கள் இரவில் பிளாட்டேயாவுக்குள் நுழைந்தார்கள். தீப்ஸ் ஸ்பார்ட்டா அணி, பிளாட்டேயா ஏதென்ஸ் அணி.