கண் வைத்திய நிபுணர் ஆவதற்கான பரீட்சைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கண் வைத்தியர் ஒருவர் நிபுணராவதற்கு என்னென்ன பரீட்சை, யார் நடத்துகிறார்கள், எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்று மாணவர்களும் இளம் வைத்தியர்களும் பெற்றோரும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பரீட்சைகளை நான் எழுதியும் இருக்கிறேன், பரீட்சகராக மற்றப் பக்கத்தில் இருந்தும் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். கண் வைத்தியராக வரவேண்டும் என்கிறாள். எவ்வளவு காலம் எடுக்கும், டொக்டர்? (ஒரு தாய், கோண்டாவில்)

நீண்ட பாதைதான் அம்மா. மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதற்குப் பிறகுதான் கண் மருத்துவம் என்ற பேச்சே வரும். இலங்கையில் நிபுணத்துவத்துக்கு வழி ஒன்றுதான்: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பீ.ஜி.ஐ.எம். தெரிவுப் பரீட்சையில் இடம் கிடைத்தால் ஆஸ்பத்திரிக் கண் பிரிவுகளில் பயிற்சி, எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை, அப்புறம் சிரேஷ்ட பதிவாளராக (சீனியர் ரெஜிஸ்ட்ரார்) மேலும் பயிற்சி. அதில் ஒரு பகுதி வழக்கமாக வெளிநாட்டில். கடைசியில் பயிற்சிக் கோவையை வைத்து ஒரு மதிப்பீடு செய்து, நிபுணர் என்ற சான்றிதழ் தருவார்கள். எம்.டி. பாஸ் பண்ணினவுடன் கன்சல்டன்ட் ஆகிவிடலாம் என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. அப்படி இல்லை. பிள்ளைக்கு இப்போதைக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மட்டும் போதும், மற்றதை அவள் போகப் போகப் பார்ப்பாள்.

பிரித்தானிய அறுவை வைத்தியக் கல்லூரிகளின் எஃப்.ஆர்.சி.எஸ். அல்லது சர்வதேசக் கண் மருத்துவக் கவுன்சிலின் ஐ.சி.ஓ. பரீட்சை எழுதிவிட்டால் எம்.டி. தேவையில்லைத்தானே? (உள்ளகப் பயிற்சி வைத்தியர்)

தேவை, தம்பி. அரச ஆஸ்பத்திரியில் கன்சல்டன்ட் நியமனத்துக்கு பீ.ஜி.ஐ.எம். சான்றிதழ்தான் வேண்டும். ஆனால் அவற்றை வீண் என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டில் பயிற்சி இடம் தேடும்போது உதவும், அடிப்படை விஞ்ஞானத்தையும் ஒளியியலையும் ஒழுங்காகப் படிக்க வைக்கும். லண்டனில் 1988இல் உருவான கண் மருத்துவர்களுக்கான ரோயல் கல்லூரி தன் எஃப்.ஆர்.சி.ஒப்த். பரீட்சையைத் துண்டு துண்டாக வைக்கிறது: முதலாம் பகுதியில் அடிப்படை விஞ்ஞானம், தனியாகக் கண்ணாடிப் பவர் பார்க்கும் செய்முறைச் சான்றிதழ், பிறகு இரண்டாம் பகுதி எழுத்து. எழுத்தில் தேறினால்தான் வாய்மொழிக்கும் நோயாளர் முன்னான பரீட்சைக்கும் விடுவார்கள். ஐரோப்பியக் கண் மருத்துவச் சபையின் பரீட்சை வேறு மாதிரி. பல்தேர்வும் வாய்மொழியும் மட்டும், வழமையாகப் பாரிஸில்.

போன முறை பாஸ் புள்ளி ஒன்று, இந்த முறை இன்னொன்று. இது நியாயமா, சேர்? (மருத்துவ அலுவலர்)

நியாயம்தான். 50 எடுத்தால் பாஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதுதான் அநியாயம். வினாத்தாள் கடினமாக வந்த வருடம் நல்ல பிள்ளைகள் விழுவார்கள், இலகுவாக வந்த வருடம் தேறக்கூடாதவர் தேறுவார்.

பல இடங்களில் கையாளும் முறைக்கு அங்கொஃப் முறை என்று பெயர். பரீட்சகர்கள் சிலர் கூடி, ஒவ்வொரு கேள்வியாக எடுப்பார்கள். "மட்டுமட்டாகத் தேறக்கூடிய நூறு பேர் இதை எழுதினால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?" என்பதுதான் அங்கே கேள்வி. ஒருவர் 50 என்பார், ஒருவர் 60, இன்னொருவர் 70. ஏன் என்று வாதாடுவோம், பிறகு சராசரி எடுப்போம். எல்லாக் கேள்விகளின் சராசரியும் சேர்ந்ததுதான் பாஸ் புள்ளி. கேள்வி கடினம் என்றால் புள்ளி தானாக இறங்கும். அந்த மேசையில் நான் எப்போதும் மனதில் வைப்பது ஒன்றுதான்: மட்டுமட்டாகத் தேறுகிற இந்த ஆளிடம் நாளைக்கு ஒரு கிழவியின் ஒற்றைக் கண்ணை ஒப்படைக்கலாமா? பரீட்சை உங்களுக்கு எதிராக வைத்த வேலி இல்லை, அந்தக் கிழவிக்காக வைத்த வேலி.

எழுத்தில் நல்ல புள்ளி. கண்ணுக்குள் ஒளிக்கீற்று அடித்துப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பியில்தான் விழுகிறேன். என்ன பிழை விடுகிறேன்? (பெயர் வேண்டாம் என்றவர்)

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிழை பெரும்பாலும் நீங்கள் இருக்கும் தூரத்தில்தான். இருட்டு அறையில் நோயாளி தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் 67 சென்ரிமீற்றரில் இருந்து ஒளிக்கீற்றை அசைக்கிறீர்கள். கண்மணிக்குள் தெரியும் சிவப்பு வெளிச்சம் கீற்றோடு சேர்ந்து போனால் பிளஸ் வில்லை கூட்டுகிறீர்கள், அசைவு அடங்கியதும் நிறுத்தி, நீங்கள் இருக்கும் தூரத்துக்காக 1.50 டயொப்ரர் (வில்லைப் பவரின் அலகு) கழிக்கிறீர்கள். +3.50இல் அடங்கினால் உண்மைப் பவர் +2.00. சரி. பதற்றத்தில் உடம்பு முன்னால் சாய்ந்து தூரம் 50 சென்ரிமீற்றர் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது அதே கண் +4.00இல் அடங்கும். நீங்கள் பழக்கத்தில் 1.50 கழித்து +2.50 என்று எழுதுவீர்கள். அரை டயொப்ரர் பிழை, கணக்கில் ஒரு தவறும் இல்லாமல்! ஒரு நூலை 67 சென்ரிமீற்றருக்கு வெட்டி ரெட்டினோஸ்கோப்பில் கட்டிப் பழகுங்கள். பரீட்சையில் நூல் இராது, ஆனால் கை மறக்காது.

பரீட்சையில் சத்திரசிகிச்சை செய்து காட்ட வேண்டுமா? (நான்காம் வருட மாணவர்)

இல்லை. அதைப் பயிற்சிக் காலம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பிடுவார்கள், பதிவேடும் வைக்க வேண்டும். பிரித்தானியப் பயிற்சியில் நீண்ட காலமாக 350 கற்றரக்ட் (கண்புரை) சத்திரசிகிச்சை என்ற குறைந்தபட்ச எண் இருந்தது. அமெரிக்கப் பயிற்சியில் முதன்மைச் சத்திரசிகிச்சையாளராக 86. எண்ணைவிட நான் மதிப்பது, பிரித்தானியாவில் தொடர்ச்சியான 50 கற்றரக்டுகளின் முடிவை ஒளிக்காமல் கணக்குக் காட்டச் சொல்வதை. கண்வில்லையின் பின்பக்கச் சவ்வு கிழிந்தது எத்தனை, பிறகு என்ன செய்தீர்கள் என்பது அதில் வரும். இங்கேயும் இளையவர்கள் யாரும் கேட்க முன்னமே அதைச் செய்யலாம்.

நிபுணரான பிறகு பரீட்சையே இல்லையா?

அமெரிக்காவில் உண்டு. அங்கே நிபுணர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சபைகளில் முதலில் தோன்றியதே கண் மருத்துவச் சபைதான். முதல் பரீட்சை 1916 டிசம்பரில் மெம்பிஸ் நகரில் நடந்தது. 1992இலிருந்து அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

தமிழில் எழுத முடியுமா?

ஆங்கிலத்தில்தான். ஆனால் மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது. குளுக்கோமா என்றால் என்ன, துளிமருந்தை ஏன் நிறுத்தக்கூடாது என்று ஓர் ஆச்சிக்கு நல்ல தமிழில் விளங்கப்படுத்தத் தெரியாதவர் எந்த மொழியிலும் நல்ல நிபுணர் இல்லை என்பது என் துணிபு. சிங்களமும் பழகுங்கள், நோயாளி எந்த ஊராகவும் இருக்கலாம்.

அம்மாவைக் கிளினிக்கில், வைத்தியர்களின் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். பயமில்லையா? (ஒரு மகள், சுன்னாகம்)

பயப்பட ஒன்றுமில்லை. சத்திரசிகிச்சையோ புது மருந்தோ இல்லை. பலர் மாறி மாறி வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், அதனால் களைப்பு வரும். இடையில் ஓய்வு கேளுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது. போனால் அந்த வைத்தியர்களுக்குப் பெரிய உதவி. கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள், வரும்போது அம்மாவைத் தனியே விடாமல் ஓட்டோவில் கூட்டிவாருங்கள்.