பழைய இத்தாலிய சூப்பர் காரை வீட்டிலேயே பராமரித்துப் புதுப்பிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 1970களின் ஃபெராரி ஒன்று நெடுநாள் ஓடாத நிலையில் கைக்கு வந்திருக்கிறது, மூடிய கொட்டகையும் ஓரளவு கருவிகளும் இருக்கின்றன, தெரிந்தவர்கள் அனைவரும் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள். வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா, முடியுமென்றால் முதலில் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் பெயிண்டில் தொடங்கக் கூடாது.

நீங்கள் மாடலைக் குறிப்பிடவில்லை. 308 ஜிடிபி அல்லது ஜிடிஎஸ் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். டினோ 246 என்றால் அதில் இருப்பது டைமிங் செயின் என்பதால், கீழே பெல்ட்டைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. 1975இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான 308, பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் லியோனார்டோ ஃபியோராவந்தி வரைந்த உடல். அந்த அழகும் ஃபெராரியின் ஊரான மரனெல்லோ என்ற பெயரும் சேர்ந்து மனிதர்களை மிரட்டிவிடுகின்றன. மூடியைத் திறந்து பார்த்தால் இருப்பது எஃகுக் குழாய்ச் சட்டம், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் 2.9 லிட்டர் வி8 என்ஜின், நான்கு வெபர் 40 டிசிஎன்எஃப் கார்புரேட்டர்கள், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் இரண்டு டைமிங் பெல்ட்டுகள். 1980இல் பாஷ் கே-ஜெட்ரானிக் வந்து சேரும்வரை கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) அமைப்புகூட இதில் கிடையாது. பொறுமையுள்ள ஒருவர் ஒழுங்காகப் படித்துவிட்டுக் கை வைத்தால் இதில் புரியாமல் போவதற்கு எதுவும் இல்லை. கை நுழைய இடமில்லாததுதான் உண்மையான சிரமம்.

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டின் 308 ஜிடிஎஸ். நான் மெக்கானிக் அல்ல. தணிக்கைத் துறையில் வேலை செய்பவன். கணக்கில் எழுதியிருப்பதும் கிடங்கில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் தொழில். வண்டியோடு வந்த கோப்பில், முந்தைய உரிமையாளர் ஒரு பெயர்பெற்ற பணிமனையில் பெரிய சர்வீஸ் செய்ததற்கான பில் இருந்தது. டைமிங் பெல்ட் இரண்டு, அவற்றை இறுக்கி வைக்கும் டென்ஷனரின் பேரிங் இரண்டு, கேம் ஷாஃப்ட் ஆயில் சீல்கள், வால்வு கவர் கேஸ்கெட்டுகள், இவற்றோடு கூலி என்று வரிசையாக எழுதி முத்திரையும் வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பை நம்பித்தான் வண்டியின் மதிப்பே பேசப்பட்டது.

பில்லின் தேதியிலிருந்து ஆண்டுகள் ஓடிவிட்டதால் பெல்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து இந்தப் பெல்ட்டின் ஆயுளைக் கணிக்கக் கூடாது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் ரப்பர் முதிர்ந்துவிடும் என்பதால், 308 வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ, திறந்து நிற்கும் வால்வுகளின் மேல் பிஸ்டன் போய் மோதும். அதன்பின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது.

வேலையை நான் செய்த முறையைச் சொல்கிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை ஜாக்கால் தூக்கி, ஜாக்கை நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினேன். வலது பின்சக்கரத்தையும் அதற்கு உட்புறமுள்ள தகட்டையும் எடுத்துவிட்டால் என்ஜினின் பெல்ட் பக்கம் கண்ணுக்குத் தெரியும். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றின் பெல்ட்டுகளையும் வால்வு கவர்களையும் கழற்றிய பிறகு, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, ஃபிளைவீலிலுள்ள பிஎம் 1-4 என்ற குறி நேரே வரும்படி நிறுத்தினேன். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல்முனையில் இருக்கிறது என்பதை அந்தக் குறி காட்டும். அதே நிலையில் நான்கு கேம் ஷாஃப்ட்டுகளில் உள்ள கோடுகளும் பேரிங் மூடிகளில் உள்ள கோடுகளோடு ஒன்ற வேண்டும். பொருந்தியதா என்று பார்த்து, படமெடுத்து, பெல்ட்டிலும் பற்சக்கரத்திலும் வண்ணக்குறி வைத்த பிறகுதான் டென்ஷனரைத் தளர்த்தினேன். பெல்ட்டை எடுத்தவுடன் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் ஷாஃப்ட் தானாகவே சட்டென்று சுழன்றுவிடக்கூடும் என்பதால், அவற்றை அசையாமல் பிடித்து வைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

பெல்ட்டுகள் இரண்டும் பில்லில் சொன்னபடியே மாற்றப்பட்டிருந்தன. டிக்கியின் பக்கமுள்ள சிலிண்டர் வரிசையின் டென்ஷனர் பேரிங்கும் புதிதாகவே இருந்தது. இருக்கைகளின் பின்சுவரை ஒட்டியிருக்கும் முன்வரிசையின் பேரிங் மட்டும் மாற்றப்படவே இல்லை. அதைத் தாங்கும் நட்டின் மேலிருந்த பழைய வண்ணப்பூச்சு உடையாமல் இருந்தது. சீலின் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. விரலால் சுற்றியபோது உள்ளே மணல் அரைவதுபோல் உணர முடிந்தது. கை எளிதாக எட்டும் பேரிங்கை மாற்றிவிட்டு, எட்டாததை அப்படியே விட்டு, இரண்டுக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு பேரிங் இறுகியிருந்தால், புதிய பெல்ட் எத்தனை நல்லதாக இருந்தாலும் அறுந்திருக்கும். அந்தப் பணிமனையைத் தொடர்புகொண்டு கேட்டேன். வழக்கமான பட்டியலை வைத்துத்தான் பில் போடுவோம், எல்லா வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். என் தொழிலில் அப்படி ஒரு பதிலை எவரும் ஏற்கமாட்டார்கள். இதில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

நிபுணர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகப் பின்னூட்டத்தில் எழுதவும் வேண்டாம். இந்தக் கார்களைத் தம் பிள்ளைகளைப் போல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்கும்போதெல்லாம் பதில் சொன்ன அத்தகைய ஒருவருக்கு நான் கடமைப்பட்டவன். என் வாதம் இவ்வளவுதான்: சிரமமான மூலையில் இருக்கும் ஒரு பேரிங்கிற்கு அரை நாள் செலவிட உரிமையாளரால் முடியும். மணிக்கணக்கில் கூலி பேசும் இடத்தில் அந்த அரை நாளை எல்லோரும் தருவதில்லை.

புதிய பெல்ட்டும் இரண்டு பேரிங்குகளும் பொருத்திய பிறகு, டென்ஷனர் ஸ்பிரிங் தானே இழுவையைத் தரும்படி விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துவதைப் பார்த்து, அதன்பின் டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்கினேன். கையால் சுற்றும்போது எங்காவது தடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட்டரைக் கொண்டு சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு.

கவர்கள் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வுக்கு 0.20 முதல் 0.25 மி.மீ., வெளிவால்வுக்கு 0.30 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். வால்வை அழுத்தும் டாப்பெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஷிம் என்ற வட்டத் தகட்டை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடியும். கார்புரேட்டரைத் தொடுவது இதற்குப் பிறகுதான். வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், இக்னிஷன் டைமிங் ஆகிய மூன்றும் சரியாக இல்லாத நிலையில் வெபரின் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு குறையை மறைக்க இன்னொன்றை உண்டாக்குவோம். அந்த மூன்றும் சரியென்றால், காற்றோட்டமானியை நான்கு கார்புரேட்டர்களின் எட்டுத் துளைகளிலும் வைத்துச் சமன்செய்வது நிதானமாக ஓரிரு மாலைகளில் முடியக்கூடிய வேலை. முடித்தபின் அந்த என்ஜின் சீராக மூச்சுவிடுவதைக் கேட்பதற்காகவே நான் இத்தனையும் செய்கிறேன்.

பெட்ரோல் குழாய்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வைத்த நடு என்ஜின் கார்களில் பெட்ரோல் கசிந்தால் அது சூடான உலோகத்தின் மேல்தான் விழும். லம்போர்கினி மியூராக்களில் பல தீப்பிடித்து எரிந்ததற்கும் கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் தேங்கியதே காரணமாகச் சொல்லப்படுகிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் வேகமாகக் கெடுக்கும். எனவே எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். 308இல் இரு பக்கமும் இருக்கும் இரண்டு டேங்குகளை இணைக்கும் குழாய் கண்ணில் படாது என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; நீண்ட நாள் நின்ற வண்டியில் அதை மாற்றுவதோடு காலிப்பர்களையும் பிரேக் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் இணைப்புகள் தளர்ந்து சூடேறி உருகுவது 308இல் எல்லோரும் அறிந்த கோளாறு. டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். டயரின் மேல்வரிகள் தேயாமல் நன்றாக இருக்கின்றனவே என்று ஏமாற வேண்டாம். குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம், ஆயில் சூடாகும்வரை முதல் கியரிலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போகலாம்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் குழாய் துருப்பிடித்திருந்தால் வெல்டிங், ஹெட் இழைத்தல், கியர்பாக்ஸின் உட்பகுதி ஆகியவற்றை உரிய இடத்துக்குத்தான் அனுப்பினேன். கழற்றுவதையும் திரும்பப் பூட்டுவதையும் நான் செய்தேன். 1980களில் வந்த டெஸ்டரோசா போன்ற ஃபெராரியில் பெல்ட் மாற்றவே என்ஜினைக் கீழே இறக்க வேண்டும். அதற்குரிய தூக்கும் வசதி இல்லாமல் தொடங்காதீர்கள்.

உரிமையாளரே கை வைத்தால் மதிப்பு போய்விடும் என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதியிட்ட படம் இருக்கிறது. என்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சான்றிதழ் தர ஃபெராரியில் கிளாசிகே பிரிவும் லம்போர்கினியில் போலோ ஸ்டோரிகோவும் இருக்கின்றன. படமும் பாகமும் இருக்கும் வேலையைவிட, பாதி பொய்யான பில் எப்படி உயர்ந்த ஆதாரமாகும்? இந்தக் கார்களை ஓட்டாமல், திறந்தும் பார்க்காமல், போர்வை போர்த்தி வைத்து விலை ஏறும்வரை காத்திருப்பவர்களால்தான் கோப்பின் கனத்தைப் பார்த்து வாங்கும் வழக்கம் வந்தது என்பது என் நெடுநாள் மனக்குறை. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு நல்ல என்ஜினில் சீல்கள் காய்ந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் வண்டி. சாவியைத் திருப்பாதீர்கள். அந்த மாடலின் பணிமனைக் கையேட்டையும் உதிரிபாகப் பட்டியலையும் முதலில் தேடி வாங்குங்கள். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, குழாய்களை மாற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால், பெல்ட்டையும் பேரிங்கையும் பில் என்ன சொன்னாலும் திறந்து பார்த்து மாற்றுங்கள். பிறகு புதிய ஆயில் நிரப்பி, பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆயில் அழுத்தமானியின் முள் எழுந்த பின்னர் பிளக்குகளைப் பூட்டிப் பெட்ரோல் விடுங்கள். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. பிரேக் ஆயில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் புதுப் பெயிண்ட் உரிந்துவிடும். ஜாக்கும் ஸ்பேனரும் படாமல் இத்தனை வேலைகள் நடக்காது. மங்கிய பெயிண்டோடு ஒரு பருவம் முழுக்க ஓட்டி, கசிவும் சூடும் அடங்கியதைப் பார்த்த பிறகு வண்டியைப் பெயிண்டரிடம் விடுங்கள்.