டொக்டர் எழுதும் மர்மக்கதை: வாசகர் கேள்வி – பதில்

கே: உள்ளகப் பயிற்சியை அண்மையில் முடித்த வைத்தியன் நான். மர்ம நாவல் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளவத்தை அனெக்ஸ் ஒன்றில் சடலம் கிடக்கிறது. சட்ட வைத்திய அதிகாரி வந்து தொட்டுப் பார்த்து, "நேற்றிரவு பத்துக்கும் பத்தரைக்கும் இடையில்" என்கிறார். நம்பும்படி இருக்கிறதா?
— வாசகர், வெள்ளவத்தை

ப: இல்லை. வைத்தியர் எழுதிய நாவலில் அந்த அரை மணித்தியாலம் இருக்கவே கூடாது. இறந்த நேரத்தை எவரும் நிமிடக் கணக்கில் சொல்வதில்லை. "ஆறு மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் இடையில்" என்று சொன்னாலே துணிச்சலான கணிப்பு.

உடல் மணிக்கு ஏறத்தாழ ஒரு பாகை குளிரும் என்ற கணக்கு குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களிலிருந்து வந்தது. மின்விசிறி மட்டும் ஓடும் கொழும்பு அறை 29, 30 பாகையில் இருக்கும். உடல் 37. இடையில் இருப்பதே ஏழெட்டுப் பாகைதான். உடல் மெதுவாகத்தான் குளிரும். முதல் சில மணித்தியாலம் வெப்பநிலை அசையாமலும் நிற்கலாம். ஆகவே இங்கே வெப்பமானி தனியாக அதிகம் பேசாது. இறந்த பின் தசைகளில் ஏறும் விறைப்போ வெக்கையில் அவசரப்படும். கண்ணிமை, தாடை, பிறகு கை, கால் என்று இறங்கி, ஒரு நாள் முடிவதற்குள்ளேயே தளரவும் தொடங்கிவிடும்.

இனி அந்த அனெக்ஸுக்கு ஒரு ஏசி பூட்டுங்கள். கொலையாளி அதை 18இல் ஓடவிட்டு, விடியமுன் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போகிறான். காலையில் அறை வழக்கம்போலப் புழுங்குகிறது. உடலின் வெப்பநிலையைப் பார்த்தால் இறந்து வெகுநேரம் என்று தோன்றும். ஆனால் குளிரில் விறைப்பு பிந்தும். அதைப் பார்த்தால் இப்போதுதான் இறந்தது போலிருக்கும். இரண்டு அடையாளங்களும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன. உங்கள் துப்பு அந்தச் சண்டைதான்.

ஒரு சின்ன விஷயம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35க்குக் கீழே காட்டாது. சடலத்துக்கு 0 முதல் 50 வரை அளவிட்ட நீண்ட வெப்பமானி வேண்டும். மலவாயில் ஏறத்தாழ பத்து சென்டிமீற்றர் உள்ளே வைத்து எடுப்பார்கள், கூடவே அறை வெப்பநிலையையும் குறிப்பார்கள். பாலியல் வன்முறைச் சந்தேகம் இருந்தால் பஞ்சு மாதிரிகள் எடுக்கும் வரை அந்த இடத்தைத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கை ஒருவர் மாற்றிச் செய்தாலே நீதிமன்றக் காட்சி ஒன்று கிடைத்துவிடும்.

சட்ட வைத்திய அதிகாரி எல்லாச் சம்பவ இடத்துக்கும் ஓடி வருவதுமில்லை. முதலில் பொலிஸ். பிறகு திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான். அவர்கள் உத்தரவிட்ட பின்தான் பிரேத பரிசோதனை. 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தை ஒருமுறை புரட்டுங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. மர்மக்கதைக்கு வேண்டியது இந்தக் காத்திருப்பு. மருத்துவ அறிவு கதையில் விடையாக வருவதைவிடத் தாமதமாக வருவது நல்லது.

கே: என் கதையில் பம்பலப்பிட்டி மாடிவீடு ஒன்றுக்குள் வில்லன் கட்டு விரியனை விடுகிறான். கடிபட்டவர் அலறி, நுரை தள்ளி, ஒரு நிமிடத்தில் விழுகிறார். டொக்டர் ஊசி போட்டதும் எழுந்துவிடுகிறார். திருத்தம் உண்டா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

ப: இடம், அலறல், நிமிடம், ஊசி நான்கையும் திருத்த வேண்டும்.

கட்டு விரியன், சிங்களத்தில் தெல் கரவலா, தாழ்நில உலர்வலயத்துப் பாம்பு. கதையை வவுனியாவுக்கோ அநுராதபுரத்துக்கோ நகர்த்துங்கள். இரவில் தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி அநேகமாக இல்லை, வீக்கமும் இல்லை, பல் பதிந்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். வயிற்றுவலியோடு எழும்புவார், வீட்டார் கஷாயம் வைப்பார்கள். பிறகு கண்ணிமை தொங்கும், வாய் திறக்கக் கஷ்டம், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. சில மணித்தியாலத்தில் சுவாசத் தசைகளும் நின்றுவிடும். கொலையாயுதமாகப் பார்த்தால் மகா சோம்பேறி. கதாசிரியருக்கு அதுவே வசதி.

வைத்தியசாலையில் நடப்பதைக் கிட்ட நின்று எழுதுங்கள். இரண்டு மில்லிலீற்றர் அளவு இரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்துவார்கள். பிறகு ஒரே தடவை சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் ஓடினால் உறையவில்லை. இங்கே அப்போது முதலில் சந்தேகிப்பது கண்ணாடி விரியனை. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். கட்டு விரியன் கடியில் இதற்கு நேர்மாறான பொறி: இரத்தம் ஒழுங்காக உறையும். அனுபவமில்லாத டொக்டர் "விஷமில்லை" என்று எழுதி வார்ட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த இருபது நிமிடத்தில் உங்கள் அத்தியாயம் முழுவதையும் வைக்கலாம்.

ஊசி விஷயம். இங்கே பாவிப்பது நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இந்தியாவில் தயாரான எதிர்விஷம். ஒரு ஊசியாக அல்ல, வழமையாகப் பத்துக் குப்பிகளைக் கரைத்துச் சேலைனோடு ஏற்றுவார்கள். ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகம் என்பதால் முன்கூட்டியே அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலுக்குக் கீழே கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அது பலன் தருவதை இலங்கையிலேயே நடத்திய ஆய்வு காட்டியது. ஆனால் கட்டு விரியனின் விஷம் நரம்பு நுனியையே சிதைத்துவிடுவதால், முடங்கிய பின் எதிர்விஷம் முடக்கத்தை மீட்பதில்லை. நாட்கணக்கில் வென்ரிலேற்றரில் கிடக்க வேண்டும்.

அப்படிக் கிடப்பவருக்குக் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் போகலாம். கை கால் அசையாது. பார்ப்பவருக்கு மூளை இறந்தவர் போல. உள்ளே மனிதர் விழித்திருக்கலாம், கட்டிலருகே பேசுவது கேட்கலாம். அந்தப் பேச்சை யார் பேசுகிறார்கள் என்பது உங்கள் கையில்.

கே: கைக்குட்டையில் குளோரோபோம், மொனிட்டரில் நேர்கோடு, உடனே ஷொக். இவை இரண்டும் இல்லாமல் திரில்லர் எழுதலாமா?
— வாசகர், மருதானை

ப: தாராளமாக. குளோரோபோம் மயக்கச் சில நிமிடங்கள் இடைவிடாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்குள் ஆள் திமிறுவார், தோலும் புண்ணாகலாம். நேர்கோட்டுக்கு ஷொக் கொடுப்பதில்லை. நெஞ்சை அழுத்துவார்கள், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மில்லிகிராம். ஷொக், இதயம் தாறுமாறாகத் துடிதுடிக்கும்போதுதான்.

கே: நஞ்சு வைத்துக் கொல்லும் கதையில் நஞ்சின் பெயர், அளவு எல்லாம் துல்லியமாக வேண்டாமா?
— வாசகி, தெஹிவளை

ப: வேண்டாம். இந்த நாட்டில் பூச்சிகொல்லியும் அலரி விதையும் எத்தனை வீடுகளை வெறிச்சோட வைத்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். கொடிய பூச்சிகொல்லிகளை 1995இலும், களைகொல்லியான பரகுவாற் உள்ளிட்ட சிலவற்றை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகவும் தடைசெய்த பின்னர் மரணங்கள் குறைந்தன. சமையல் குறிப்பு மாதிரி அளவு எழுதுவது கதைக்கு ஒரு துளி பதற்றத்தையும் கூட்டாது. கொடுத்த விதத்தை இருட்டில் விட்டு, கண்டுபிடிக்கும் விதத்தை வெளிச்சத்தில் எழுதுங்கள்.

அதாவது போத்தல்கள். பிரேத பரிசோதனையில் இரத்தம், சிறுநீர், இரைப்பை உள்ளடக்கம், ஈரல், சிறுநீரகம் என்று எடுத்து, தனித்தனிப் போத்தலில் முத்திரையிட்டு, பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புவார்கள். யார் ஒப்படைத்தார், யார் ஏற்றார், முத்திரை உடையாமல் இருந்ததா என்பதெல்லாம் எழுத்தில் வரும். நஞ்சுப் பரிசோதனைக்கான ஈரல் துண்டை ஒருவர் போர்மலினில் போட்டுவிட்டால் பரிசோதனையே பாழாகும். போர்மலின் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையத்துக்கு உரியது.

இன்னும் நுட்பமானது இரத்தம். அதில் சோடியம் புளோரைட் சேர்க்காவிட்டால் நுண்ணுயிர்கள் போத்தலுக்குள்ளேயே மதுசாரம் உண்டாக்கும். வாழ்நாளில் குடிக்காத மனிதர் அறிக்கையில் குடிகாரராகிவிடுவார். சந்தேகம் கொண்ட சட்ட வைத்திய அதிகாரி கண்விழியின் உள்ளேயுள்ள திரவத்தை எடுத்து ஒப்பிடுவார். அது இலகுவில் பழுதடையாது. இரத்தத்தில் மதுசாரம், விழித்திரவத்தில் இல்லை. "அவர் குடிப்பதேயில்லை" என்று விதவை சொன்னதுதான் உண்மை.

கே: நான் பார்த்த நோயாளிகளின் கதையை எழுதலாமா? வார்ட்டில் பேசும் மொழியை எப்படி எழுதுவது?
— வைத்தியர், கொழும்பு 10

ப: பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வயது, பால், ஊர், தொழில், ஆண்டு ஐந்தில் குறைந்தது மூன்றை மாற்றி, இரண்டு மூன்று பேரை ஒருவராக்குங்கள். அரிய நோயென்றால் எதை மாற்றினாலும் ஊரார் கண்டுபிடிப்பார்கள், நோயையே மாற்றுங்கள். அரச சேவையில் இருந்தால் தாபன விதிக்கோவையையும் பார்த்துவிடுங்கள்.

மொழிதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. கொழும்பு வார்ட்டில் கொன்சல்டன் ஆங்கிலம், தாதி சிங்களம், கட்டிலில் தமிழ். பலர் இதை அழகான தமிழில் சமப்படுத்தி எழுதி, கையிலிருந்த திருப்பத்தைத் தொலைக்கிறார்கள். நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், "பிள்ளைக்கு இழுப்பு" என்கிறார். தமிழில் இழுப்பு என்றால் மூச்சுத்திணறலும்தான், வலிப்பும்தான். வாசலில் நிற்கும் சிற்றூழியர் தமக்குத் தெரிந்த அர்த்தத்தில் மொழிபெயர்க்கிறார். ஹவுஸ் ஒபிஸர் நோயாளியின் வார்ட் குறிப்பேடான பி.எச்.ரி.யின் முதல் வரியில் "வலிப்பு" என்று எழுதுகிறார். தாதி வலிப்பை நிறுத்தும் டயஸிபாம் எடுக்கப் போகிறார். ஆஸ்துமாவில் திணறும் பிள்ளைக்கு அந்த மருந்து, மிச்சமிருக்கும் மூச்சையும் அடக்கிவிடக்கூடும். பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க யாருக்கும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.