புதுச்சேரி துய்மா வீதிக்கும் 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்' டூமாவுக்கும் சம்பந்தம் இருக்கா?

கேள்வி: புதுச்சேரி பீச் பக்கத்துல இருக்குற துய்மா வீதி, 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்' எழுதின அலெக்சாந்தர் டூமா பேர்ல வெச்சதா? அந்தப் பேர்ல வேற பிரபலங்கள் யாராச்சும் இருக்காங்களா?

இல்லைங்க, அது கவர்னர் பேரு. பியேர் பெனுவா டூமா, 1735லேர்ந்து 1741 வரைக்கும் புதுச்சேரியில கவர்னரா இருந்தவர். நாவல் எழுதினவர் பொறந்ததே 1802லதான். ஆனா குழப்பம் வர்றது நியாயம்தான், ஏன்னா அடுத்த தெரு ரொமேன் ரோலான் வீதி, அவரு நிஜமாவே எழுத்தாளர், அதனால இதுவும் எழுத்தாளர் தெருதான்னு நெனச்சுக்கறாங்க. பேரை எழுதறதுலயும் ஒரு ஒழுங்கு கிடையாது, துய்மாங்கறாங்க, துமாங்கறாங்க, ஆட்டோக்காரர் டுமாஸ் ஸ்ட்ரீட்ங்கறாரு. கடைசி எஸ் பிரெஞ்சுல சத்தம் வராது, அதனால நான் டூமான்னே எழுதறேன்.

கவர்னர் டூமா பத்தி ரொம்பப் பேருக்குத் தெரியாது, காரணம் அவருக்கு அடுத்து வந்தது டூப்ளே. டூப்ளே வந்து எல்லா வெளிச்சத்தையும் எடுத்துக்கிட்டாரு. ஆனா டூப்ளே ஆடின ஆட்டத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தது இவருதான்னு நான் சொல்லுவேன். புதுச்சேரியில ரூபாய் நாணயம் அடிச்சுக்க ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகிட்ட அனுமதி வாங்கினது இவர் காலம், 1739ல காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்ததும் இவர் காலம். ஆனந்தரங்கப் பிள்ளை டைரி 1736ல ஆரம்பிக்குதுல்ல, அப்போ கவர்னர் இவருதான்.

1740ல மராத்தியர் படை வந்து தாமல்செருவுக் கணவாய்ல தோஸ்த் அலியைக் கொன்னுட்டாங்க. அவரு குடும்பத்துப் பொம்பளைங்க, மருமகன் சந்தா சாகிப்போட பொண்டாட்டி புள்ளை எல்லாரும் நகை நட்டோட ஓடி வந்து புதுச்சேரி வாசல்ல நின்னாங்க. டூமா கதவைத் தொறந்து உள்ள விட்டாரு. மராத்தியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே விடுவாரா, அவங்களை ஒப்படை, கப்பத்தையும் கட்டு, இல்லன்னா வந்து இடிப்பேன்னு மிரட்டல். டூமா ரெண்டுக்கும் மாட்டேன்னுட்டு கோட்டையை பலப்படுத்த ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் போர் ஏன் நடக்கலங்கறதுக்கு பழைய வரலாற்றுப் புத்தகங்கள்ல ஒரு கதை சொல்லுவாங்க. தூது வந்த ஆள்கிட்ட டூமா கொஞ்சம் பிரெஞ்சு மது பாட்டில் அன்பளிப்பா கொடுத்து அனுப்ப, அது ரகுஜி வீட்டு அம்மா கைக்குப் போக, அந்தம்மாவுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போய் இன்னும் வேணும்னு அடம் புடிக்க, ரகுஜி மிரட்டலை விட்டுட்டு பாட்டில் கேட்டு ஆள் அனுப்பினாராம். எவ்வளவு நெஜமோ, படிக்க ஜோரா இருக்கும். நெஜமா நடந்தது என்னன்னா, அடைக்கலம் கொடுத்ததுக்காக முகலாய பாதுஷா டூமாவுக்கு நவாப் பட்டம் கொடுத்தாரு, அதுவும் அடுத்து வர்ற கவர்னருக்கும் செல்லும்படியா. டூப்ளே நவாப் வேஷம் கட்டினது அந்தப் பட்டத்தை வெச்சுத்தான்.

சரி, இப்ப எழுத்தாளர் குடும்பம். கவர்னருக்கும் இவங்களுக்கும் சொந்தம்னு சொல்ல ஒரு ஆதாரமும் கிடையாது. பிரான்சோட தெக்குப் பக்கம் போனா டூமா ரொம்ப சாதாரணமான பேரு, நம்ம ஊர்ல ராமசாமிங்கறவங்க எல்லாம் பங்காளி ஆயிட முடியாதுல்ல. அதைவிடப் பெரிய விஷயம், எழுத்தாளருக்கு இந்தப் பேரு வந்தது எந்த பிரெஞ்சு டூமாகிட்டேர்ந்தும் இல்ல, கரீபியன் தீவுல அடிமையா இருந்த ஒரு கறுப்பினப் பொம்பளைகிட்டேர்ந்து. உலகத்துல டூமான்னா மொதல்ல நினைப்புக்கு வர்ற பேரு அந்தப் பாட்டியோடது, தாத்தா வீட்டுது இல்ல.

தாத்தா நார்மண்டிப் பிரபு, குடும்பப் பேரு தாவி த லா பையத்ரி. சேன் தொமிங்ங்கற பிரெஞ்சு காலனிக்கு, அதாவது இன்னைக்கு ஹெய்ட்டிக்கு, பொழைக்கப் போனவர். அங்க மரி செஸெத் டூமாங்கற அடிமைப் பெண்ணோட வாழ்ந்து, 1762ல தோமா அலெக்சாந்தர் பொறந்தாரு, இவருதான் எழுத்தாளரோட அப்பா. ஊருக்குத் திரும்பக் கப்பல் காசு இல்லன்னு அந்த அப்பா செஞ்ச காரியம் இருக்கே, பெத்த பையனை, பின்னாடி மீட்டுக்கலாம்ங்கற நிபந்தனையில வித்துட்டு கப்பல் ஏறினாரு. அப்புறம் காசு அனுப்பி மீட்டு பிரான்சுக்கு வரவழைச்சுக்கிட்டாரு, அது வேற, ஆனா பையனோட கூடப் பொறந்ததுங்களை வித்தது வித்ததுதான். பிரான்ஸ்ல பையனுக்கு நல்ல படிப்பு, கத்திச் சண்டை, பிரபு வீட்டு வாழ்க்கை எல்லாம் கெடச்சுது. 1786ல அவரு படையில சேரப் போனாரு, ஆபீசரா இல்ல, சாதாரண சிப்பாயா, அப்போ அப்பா எங்க வம்சப் பேரை சிப்பாய் பட்டியல்ல எழுதி மானத்தை வாங்காதேன்னுட்டாரு. சரின்னு இவரு அம்மா பேரைப் போட்டு அலெக்சாந்தர் டூமான்னு பதிஞ்சுக்கிட்டாரு. கொஞ்ச நாள்லயே அப்பாவும் போயிட்டாரு.

ஏழே வருஷம், 1793ல அதே ஆளு ஜெனரல்! ஆல்ப்ஸ் படைக்கே தலைமைத் தளபதி. ஐரோப்பியப் படை ஒண்ணுல கறுப்பின வம்சத்து ஆளு ஒருத்தர் அந்த உயரத்துக்குப் போனது அப்போ கேள்விப்படாத விஷயம். 1797ல ஆஸ்திரியாக்காரங்களோட நடந்த சண்டையில ஒரு பாலத்தைத் தனியாளா தடுத்து நின்னதுக்கு, ரோமாபுரிக் கதையில பாலம் காத்த வீரனோட பேரை வெச்சு நெப்போலியனே பாராட்டினாரு. அடுத்த வருஷம் எகிப்துல ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு, படையெடுப்பே தேவையில்லைன்னு இவரு வெளிப்படையா பேசினாரு, நெப்போலியன் அதை மறக்கவே இல்ல. 1799ல ஊர் திரும்பற வழியில கப்பல் ஓட்டையாகி இத்தாலியில தாரந்தோ துறைமுகத்துல ஒதுங்க, அது எதிரி ராஜ்யம், நேப்பிள்ஸ் ராஜா ஆளுங்க புடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. ரெண்டு வருஷம். வெளிய வரும்போது உடம்பு மொத்தமா போச்சு. பென்ஷன் கேட்டு எழுதி எழுதிப் பார்த்தாரு, நெப்போலியன் கண்டுக்கல, 1806ல செத்துட்டாரு. விதவைக்கும் ஒரு காசு வரல. அப்போ பையனுக்கு மூணரை வயசு.

அந்தப் பையன்தான் நம்ம நாவலாசிரியர். 1844 அவருக்கு பேய் வருஷம், மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் ஒரு பேப்பர்ல 'த்ரீ மஸ்கட்டியர்ஸ்' தொடர், அது முடிஞ்ச கையோட ஆகஸ்ட்ல இன்னொரு பேப்பர்ல 'மான்ட்டி கிறிஸ்டோ' ஆரம்பம். ஒரு தப்பும் பண்ணாதவனை ஜெயில்ல போட்டு உலகம் மறந்துடுது, அதானே அந்தக் கதை? அப்பாவோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டு அதைத் திரும்பப் படிங்க, வேற புத்தகம் மாதிரி இருக்கும். இத்தனைக்கும் தனியா எழுதல, ஓகுஸ்த் மாக்கேன்னு ஒருத்தர் சரித்திரத்தைத் தோண்டி எடுத்து கதை எலும்புக்கூட்டைப் போட்டுக் கொடுப்பாரு, டூமா அதுக்கு உசிரு கொடுப்பாரு. அட்டையில மாக்கே பேரு வராது. கடைசியில கோர்ட்டுக்குப் போய் பணம் வாங்கினாரே தவிர பேரு வாங்க முடியல. இது எனக்கு உறுத்தற விஷயம்தான், ஆனா மாக்கே தனியா எழுதினதை இன்னைக்கு யாரும் படிக்கறதில்லைங்கறதும் உண்மை.

சம்பாதிச்சதை எல்லாம் வாரி எறிஞ்சவர். பாரிஸ் பக்கத்துல மான்ட்டி கிறிஸ்டோ பேர்லயே மாளிகை கட்டினாரு, ரெண்டு மூணு வருஷத்துல கடனுக்கு வித்தாரு, 1851ல கடன்காரங்களுக்குப் பயந்து பிரஸ்ஸல்ஸ் ஓடினாரு. 1860ல, இத்தாலியை ஒண்ணு சேர்க்கப் போராடின கரிபால்டிக்கு துப்பாக்கி வாங்கிக் கொடுத்து கூடவே நேப்பிள்ஸ் போய், அங்கயே பேப்பர் ஆரம்பிச்சு, மியூசியத்துக்கு டைரக்டரா வேற உக்காந்துட்டாரு. அப்பாவை ஜெயில்ல வாட்டின அதே ராஜவம்சத்தைத் துரத்தற வேலையில மகன் நிக்கறாரு பாருங்க, இதை அவரே நாவல்ல எழுதியிருந்தா ஓவரா இருக்குன்னு சொல்லியிருப்போம்.

நம்ம ஊர் பக்கமும் இவரு நெழல் நெறைய இருக்கு. கல்கி நாவல் பத்தி பேச்சு வந்தா டூமா பேரு வராம போகாது. பி.யு.சின்னப்பா ரெட்டை வேஷம் போட்ட 1940 'உத்தம புத்திரன்', அப்புறம் 1958ல சிவாஜி பண்ணினது, ரெண்டுமே இரும்பு முகமூடிக் கதைதான், மூலம் டூமா.

இவரோட பையன் பேரும் அலெக்சாந்தர் டூமாதான், அதனால பிரெஞ்சுக்காரங்க பெரிய டூமா, மகன் டூமான்னு பிரிச்சுச் சொல்லுவாங்க. கல்யாணம் ஆகாம ஒரு தையல்காரப் பெண்ணுக்குப் பொறந்தவர். ஏழு வயசுல அப்பா சட்டப்படி ஏத்துக்கிட்டாரு, ஆனா அதுக்கு விலையா புள்ளைய அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு ஹாஸ்டல்ல போட்டாங்க, அங்க மத்த பசங்க பண்ணின கேலியை அவரு சாகற வரைக்கும் மறக்கல. 1848ல மகன் டூமா எழுதின காமெல்லியா பெண்மணி கதை நாடகமாகி, அதைப் பார்த்து வெர்டி 1853ல 'லா திராவியாத்தா' ஓபரா போட்டாரு. ரொம்ப ஒழுக்கம் பேசற ஆளு, எனக்கு அப்பாதான் புடிக்கும்.

கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு இன்னொரு டூமா தெரியும். ப்ளஸ் ஒன்ல நைட்ரஜன் அளவு கண்டுபுடிக்க கெல்டால் முறை, டூமா முறைன்னு ரெண்டு மனப்பாடம் பண்ணுவோமே, அந்த ஜான் பாப்டிஸ்ட் டூமா. 1800ல அலேஸ்ங்கற தெக்கத்தி ஊர்ல பொறந்தவர், எழுத்தாளர் குடும்பத்துக்கு சொந்தம் இல்ல. இவரைப் பத்தி சொல்ற சம்பவம் ஒண்ணு இருக்கு. துய்லரி அரண்மனையில ராத்திரி விருந்து, எரியற மெழுகுவத்திலேர்ந்து காரமா புகை வந்து விருந்தாளிங்க எல்லாம் இருமறாங்க. விஷயத்தைக் கண்டுபுடிக்கச் சொல்லி இவருகிட்ட வந்துது. மெழுகை வெளுக்க குளோரின் போட்டிருந்தாங்க, அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடா வெளிய வருது. அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல, இவரு அதுக்கு மேல யோசிச்சு, கரிமச் சேர்மத்துல ஹைட்ரஜன் இருக்குற இடத்துல குளோரின் போய் உக்காந்துக்க முடியும்னு 1830கள்ல ஒரு கொள்கையே கொண்டு வந்தாரு. ஜெர்மன்காரங்க நம்பல. 1840ல வோலர் ஒரு பத்திரிகையில புனைபேர்ல ஒரு கிண்டல் கடிதம் போட்டாரு, ஒரு சேர்மத்துல ஒவ்வொரு அணுவா எடுத்துட்டு குளோரின் வெச்சு கடைசியில எல்லாமே குளோரின் ஆயிடுச்சு, லண்டன்ல இப்ப குளோரின் துணியே விக்கறாங்கன்னு. போட்ட புனைபேரு எஸ்.சி.எச். விண்ட்லர், சேர்த்துப் படிச்சா ஷ்விண்ட்லர், ஜெர்மன்ல மோசடிக்காரன்னு அர்த்தம்! கடைசியில டூமா சொன்னதுதான் நின்னுது.

ஈஃபில் டவர்ல 72 பேரு பொறிச்சிருக்கும், அதுல இருக்குற டூமா இந்த கெமிஸ்ட்தான், எழுத்தாளர் இல்ல, அங்க இருக்கறது எல்லாம் விஞ்ஞானி, இன்ஜினியர்ங்க. பட்டுப்புழு நோயைப் பாருன்னு 1865ல பாஸ்டரைப் புடிச்சு அனுப்பினதும் இவருதான், ஏன்னா சொந்த ஊர்க்காரங்க எல்லாம் பட்டை நம்பிப் பொழைக்கறவங்க. இன்னொரு வேடிக்கை, பிரெஞ்சு அகாதமிக்கு 1874ல மகன் டூமாவும் 1875ல கெமிஸ்ட் டூமாவும் தேர்வானாங்க. உலகமே படிச்ச பெரிய டூமாவுக்கு உயிரோட இருந்த வரைக்கும் அங்க ஒரு நாற்காலி கெடைக்கல. 2002லதான் ஜனாதிபதி ஷிராக் அவரு உடலை, பிரான்சோட பெரிய மனுஷங்களை அடக்கம் பண்ற பாந்தியோனுக்கு மாத்தி மரியாதை பண்ணினாரு.

புரட்சிக் காலத்துல ஒரு பயங்கர டூமாவும் உண்டு, ரெனே பிரான்சுவா டூமா, பாரிஸ் புரட்சி நீதிமன்றத் தலைவர், கில்லட்டினுக்கு ஆள் அனுப்பறதுதான் உத்தியோகம். 1794ல ஜெனரல் டூமா மேல புகார் போய் அவரை பாரிசுக்கு வரச்சொல்லி ஓலை போன சமயம், நாற்காலியில உக்காந்திருந்தது இவரு. ஒரு டூமா இன்னொரு டூமாவுக்குத் தீர்ப்பு எழுதியிருக்க வேண்டியது, நல்லவேளை ஜூலை 28ஆம் தேதி ரோபஸ்பியரோட சேர்த்து நீதிபதி டூமா தலையே போயிடுச்சு, ஜெனரல் தப்பிச்சாரு.

நம்ம காலத்துக்கு வந்தா ரோலான் டூமா, மித்தரான் ஆட்சியில வெளியுறவு மந்திரி, பிக்காசோவோட வக்கீல், 'குவெர்னிக்கா' ஓவியம் 1981ல ஸ்பெயினுக்குத் திரும்பிப் போனதுல இவரு பங்கு பெருசு. 2024ல 101 வயசுல போனாரு. அமெரிக்காவுல சார்ல்ஸ் டூமாஸ், 1956ல ஏழடி உயரத்தை மொதமொதலா தாண்டின ஹைஜம்ப் வீரர், அதே வருஷம் மெல்போர்ன்ல தங்கம். தென்னாப்பிரிக்காவுல பொறந்த ஓவியர் மார்லீன் டூமாஸ். இவங்க யாருக்கும் மத்தவங்களோட ஒட்டு உறவு இல்ல.

பெரிய டூமாவை இனிமேதான் படிக்கப் போறீங்கன்னா ஒரு சிபாரிசு, தடிப் புத்தகங்களை விட்டுட்டு 1843ல வந்த 'ஜார்ஜ்'லேர்ந்து தொடங்குங்க. கலப்பினத்துல பொறந்த பணக்காரப் பையன் ஒருத்தன் வெள்ளைக்காரத் திமிரை எதிர்த்து நிக்கற கதை, தன் நிறத்தைப் பத்தி டூமா நேரா பேசின நாவல்னா அதுதான். கதை நடக்கறது மொரீஷியஸ்ல, நம்ம கவர்னர் டூமா புதுச்சேரிக்கு வர்றதுக்கு முன்னாடி நிர்வாகம் பண்ணின அந்தத் தீவுப் பக்கம்தான்.