பொம்மைக் காரை ஆயுத வண்டியாக மாற்றுவது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: உலகம் அழிந்த பிறகு நடப்பதாகக் கதை அமைந்த மேசை விளையாட்டுக்குப் பொம்மைக் காரில் துப்பாக்கி பொருத்துவது எப்படி?

1:64 அளவு ஹாட் வீல்ஸ் கார் போதும். அடியிலுள்ள ரிவெட்டை (உடலையும் அடித்தட்டையும் இணைக்கும் ஆணியை) 3 மி.மீ. டிரில் பிட்டால் குடைந்தால் உடல் தனியாக வந்துவிடும். துப்பாக்கிக் குழலுக்குக் காலி பேனா ரீஃபில் துண்டு. ஜன்னல் கம்பிவலைக்குக் குளச்சல் பக்கம் கழித்துப் போடும் மீன்வலைதான் என் தேர்வு. கண்ணி மிகச் சிறியதாக இருக்கட்டும், இல்லையென்றால் பொம்மை என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். இதில் அவசரம் வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். துருப்பிடித்த தோற்றத்துக்குப் பழுப்பு அக்ரிலிக் பெயிண்டை ஸ்பாஞ்சில் தொட்டு விளிம்புகளில் மட்டும் ஒற்றுங்கள்.